கயிறு கட்டி மரம் ஏறும் வேலை: குன்னூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

குன்னூர், கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் வீட்டு மரங்களிலும் எஸ்டேட் நிழல் மரங்களிலும் கயிறு கட்டி ஏறிக் கவாத்து செய்வது, விழப்போகிற மரங்களைத் துண்டு துண்டாக இறக்குவது, இதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்கு வர நினைக்கிற பையன்களும் சரி, வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் மரத்தைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்களும் சரி, திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்கிறார்கள். வரிசை எதுவும் பார்க்காமல் எழுதியிருக்கிறேன், வேண்டியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

மரம் வெட்டுகிறவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

அவர் அடியில் அறுத்துச் சாய்ப்பார். காலி இடம் இருந்தால் அதுதான் சரியான வழி, செலவும் குறைவு, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இங்கே காலி இடம் எங்கே இருக்கிறது? மேட்டில் ஒரு வீடு, பள்ளத்தில் ஒரு வீடு, நடுவில் தடுப்புச்சுவர், அதை ஒட்டி ஈபி லைன், தண்ணீர்க் குழாய். 80 அடிக் கற்பூர மரம் (யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) விழுவதற்கு எந்தப் பக்கமும் 80 அடி கிடையாது. அதனால் ஆள் மேலே ஏறி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கயிற்றில் கட்டி இறக்க வேண்டியிருக்கிறது. இது ஒரு பாதி. இன்னொரு பாதி மரத்தை வைத்துக்கொள்வதற்கான வேலை: பட்ட கிளைகளைக் கழிப்பது, கூரை மேல் படர்ந்ததைக் குறைப்பது, அடித்தூரில் காளான் வந்திருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் பொக்கைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துச் சொல்வது. போய்ப் பார்த்துவிட்டு "இந்த மரத்துக்கு ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்" என்று சொல்லி டீ குடித்துவிட்டு வந்த வீடுகளும் நிறைய உண்டு.

நீலகிரியில் எந்த மரங்களில் வேலை அதிகம்?

கற்பூரம், சீகை (வாட்டில் மரம்), சில்வர் ஓக், சைப்ரஸ். நான்குமே வெளியூர்க்காரர்கள்தான். கற்பூர மரம் 1840களில் இந்த மலைக்கு வந்தது. விறகுக்காக நட ஆரம்பித்தார்கள், இன்று மலை முழுக்க நிற்கிறது. நெட்டையாக, நேராக வளரும், ஏறுவதற்கு வசதியான மரம் என்றுகூடச் சொல்லலாம். சிக்கல் அதன் எடையில் இருக்கிறது. ஒரு அடி விட்டமும் 3 அடி நீளமும் உள்ள பச்சைக் கற்பூரத் துண்டு 70 கிலோவை ஒட்டி வரும். அதே நீளத்தில் விட்டம் மட்டும் 2 அடி ஆனால் எடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்தக் கணக்கில்தான்.

சீகை வேறு மாதிரி. வேர் ஆழமாகப் போகாது, மண் ஊறிவிட்டால் வேரோடு சாய்ந்துவிடும், காற்றே வேண்டாம். சாய்ந்த சீகையை அறுக்கும்போது இன்னொரு விஷயம்: வளைந்து அழுத்தத்தில் கிடக்கும் தண்டு, வாள் பட்டதும் பிளந்து பின்பக்கம் எகிறும். நேராக நின்று அறுக்கக் கூடாது, அழுத்தம் இருக்கும் பக்கம் எது, இழுபடும் பக்கம் எது என்று பார்த்து, பக்கவாட்டில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க வேண்டும்.

சில்வர் ஓக் தேயிலைக்கு நிழல் தர வைத்தது. மழைக்கு முன்னால் பக்கக் கிளைகளைக் கழிப்பது எஸ்டேட்டில் வழக்கம். கட்டை கொஞ்சம் உடையும் குணமுள்ளது, மெல்லிய கிளையை நம்பிக் காலை வைக்காதீர்கள். சைப்ரஸ் பழைய பங்களாக்களின் வேலியோரத்தில் நிற்கும். உள்ளே காய்ந்த கிளைகள் முள்வேலி போல நெருக்கமாக இருக்கும், மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

சோலை மரம், அதாவது இந்த மலைக்கே சொந்தமான காட்டு மரம் என்றால் பொதுவாக நான் கையே வைப்பதில்லை. நூறு வருஷம் நின்றது, இன்னும் நிற்கட்டும்.

நல்லா இருக்கிற மரம் திடீரென்று ஏன் விழுகிறது?

பெரும்பாலும் திடீரென்று இல்லை. வீடு கட்ட மேட்டை வெட்டிச் சமன் செய்கிறார்கள், பொக்லைன் ஒரு பக்கத்து வேரை முழுக்க அறுத்துவிடுகிறது, மரம் பச்சையாகவே நிற்கிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு மழை தாண்டி அது விழும்போது பழி காற்றின் மேல். தூரைச் சுற்றி மண்ணைக் குவிப்பதும், சிமெண்டு போட்டு மூடுவதும் இதே கதைதான். வேருக்கு மூச்சு வேண்டும்.

மரத்துக்கு அடியில் மண் ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் மேடு தட்டினால் அன்றைக்கே ஆள் கூப்பிடுங்கள்.

எந்த மாதங்களில் வேலை இருக்கும்?

ஏப்ரல், மே மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மரம் ஞாபகம் வரும். ஜூனிலிருந்து கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் மழையும் காற்றும் பிடித்துக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது ஞாபகம் இருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு மழை என்றால் அக்டோபர், நவம்பர்தான், அப்போது வருவது முழுக்க அவசர வேலை: ரோட்டில் விழுந்தது, கூரை மேல் சாய்ந்தது, ரயில் பாதையோரம் தொங்குவது. கொடைக்கானல்காரர்களுக்கு 2018 நவம்பர் கஜா புயலைச் சொன்னாலே போதும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி, காலையில் பட்டை வழுக்கும், வெயில் ஏறியபின்தான் மரம் ஏறுவது.

மழை பெய்யும்போது ஏறுவீர்களா என்று கேட்பவர்களுக்கு: மாட்டேன். காற்றிலும் மாட்டேன். பனிமூட்டத்தில் கீழே நிற்பவர் முகம் தெரியவில்லை என்றால் அப்போதும் மாட்டேன்.

ஒரு கிளையை இறக்குவது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

தகரக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சில்வர் ஓக் கிளை என்று வைத்துக்கொள்வோம். முதலில் நான் ஏறுவதற்கான கயிறு, சின்ன மண் மூட்டை கட்டிய மெல்லிய நூலை உயரமான கவட்டையில் எறிந்து, அதன் வழியே மேலே போகும். இறக்குவதற்கான கயிறு தனி. இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது, பாரம் இறக்கிய கயிற்றில் ஆள் தொங்கக் கூடாது. இறக்கும் கயிற்றை அறுக்கப்போகும் இடத்துக்கு மேலே இருக்கும் வலுவான கவட்டை வழியாகவோ கப்பி வழியாகவோ விட்டு, ஒரு முனையைக் கிளையில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கீழே அடித்தூரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தம்பி பிடித்துக்கொள்வான். சுற்றின் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது, அவன் கை அல்ல.

இனி நான் கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுக்கிறேன். நார் முறிகிற சத்தம் கேட்டதும் வாளை எடுத்துவிட்டு "விடு" என்பேன். இங்கேதான் கீழே இருப்பவனின் திறமை. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் கிளை வெடுக்கென்று நிற்கும், அந்த அதிர்ச்சி கிளையின் எடையைப்போலப் பல மடங்காக என் கவட்டையில் வந்து இறங்கும், மரமே ஆடும், நானும் அதில்தான் இருக்கிறேன். அவன் கயிற்றை ஓட விட்டு, கூரைக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே மெல்ல நிறுத்தி, இன்னொருவன் கிளையில் கட்டிய வால் கயிற்றால் அதை வெளிப்பக்கம் இழுத்து, அப்புறம் தரையில் கிடத்த வேண்டும். நல்ல கீழாள் கிடைத்தால் கூரையில் ஓர் இலைகூட உரசாது. மரம் ஏறுகிறவனைத்தான் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் முதல் சம்பளம் கயிறு பிடிக்கிறவனுக்குத்தான் போக வேண்டும், நான் ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதே இன்றைக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான்.

என்னென்ன சாமான் வேண்டும்? முதலில் எதை வாங்குவது?

முதலில் மெஷின் (சங்கிலி வாள், செயின்சா) வாங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

தாடைப்பட்டை உள்ள ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு. இடுப்பிலும் தொடையிலும் பட்டை உள்ள, உட்கார்ந்து வேலை செய்யும்படியான ஹார்னஸ். கட்டட வேலைக்கு விற்கிற முதுகுக் கொக்கி ஹார்னஸ் விழுந்தால் பிடிப்பதற்கானது, அதில் மணிக்கணக்கில் தொங்கி வேலை செய்ய முடியாது. மரம் ஏறுவதற்கென்றே செய்த 11 முதல் 13 மில்லிமீட்டர் கயிறு. அதில் ஏறி இறங்கப் பிடிமுடிச்சுப் போடத் தனிச் சிறு கயிறு. தானாகப் பூட்டிக்கொள்ளும் காரபினர்கள். மரத்தைச் சுற்றிப் போட்டு உடம்பை நிலைநிறுத்த ஒரு குட்டைப் பட்டை, அதற்குள் எஃகு வடம் ஓடினால் இன்னும் நல்லது, ஏனென்றால் வாளுக்குப் பக்கத்திலேயே இருக்கப்போவது அதுதான். மடக்குக் கைவாள் ஒன்று, இழுக்கும்போது அறுக்கிற வகை, நல்லதாக. கவாத்து வேலையில் பெரும்பகுதி இந்தக் கைவாளிலேயே முடிந்துவிடும்.

இதில் பெரும்பாலானவை இறக்குமதிச் சரக்கு, விலை கனமாகத்தான் இருக்கும். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு, தேங்காய்நார்க் கயிறு இரண்டும் வேலி கட்ட நல்லது. வாங்கிய கயிற்றை வெயிலிலும், பெட்ரோல், பேட்டரி ஆசிட் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஏறுமுன் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையில் ஓட்டிப் பாருங்கள், எங்காவது மெலிந்தோ கெட்டித்தோ தட்டினால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். பிரிட்டனில் ஆள் ஏறும் சாமான்களை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதித்து எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். நமக்குச் சட்டம் இல்லாவிட்டால் என்ன, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இன்னொன்று, வாளுக்கான பேண்ட். உள்ளே நீள நீளமான நார் அடுக்கு இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்த நார் வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷின் பிடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொடை கூசும்.

எந்த மெஷின்?

மேலே கொண்டு போக மேல்பிடி உள்ள சின்ன மெஷின், சங்கிலி ஓடும் பட்டை 12 அல்லது 14 அங்குலம். கீழே துண்டு போட 18 அங்குலம் போதும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், நல்ல ஆயிலுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆயில் டப்பாவில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி போங்கள். "கொஞ்சம் கூட ஊற்றினால் மெஷினுக்கு நல்லது" என்பது தவறு, புகையும் கரியும்தான் மிச்சம். சங்கிலிக்குப் போகும் ஆயில் தனித் தொட்டி, அது காலியானால் பட்டை நீலம் பூத்துவிடும்.

சங்கிலி கூர் என்பது தனிக் கலை. அறுக்கும்போது சீவல் விழ வேண்டும், மாவு கொட்டினால் கூர் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் அழுத்தி அறுப்பது உங்களுக்கும் ஆபத்து, மெஷினுக்கும் கேடு. சின்ன மெஷினின் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், பெரியதுக்கு 4.8 அல்லது 5.2. பல்லின் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே கோணம். ஒரு பக்கத்தை அதிகம் ராவினால் வாள் நேராக அறுக்காமல் வளைந்து ஓடும். பல்லுக்கு முன்னால் இருக்கும் மட்டக்கட்டையையும் அவ்வப்போது தட்டை அரத்தால் லேசாகக் குறைக்க வேண்டும், அதிகம் குறைத்தால் வாள் கடித்து உதறும்.

பட்டையின் நுனி மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பி எகிறும், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்குத்தான் முன்னால் இருக்கும் பிரேக் தட்டு, அதற்குத்தான் இரண்டு கையும். ஒற்றைக் கையால் மெஷின் பிடித்து மேலே அறுக்கலாமா என்று கேட்காதீர்கள்.

ஆணி பூட்ஸ் போட்டு ஏறலாமா?

வெட்டி இறக்கப்போகிற மரத்தில் மட்டும். உயிரோடு வைத்துக்கொள்ளப்போகிற மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண்.

"கொண்டையை வெட்டிவிடுங்கள், உயரம் குறைந்தால் போதும்" என்று வீட்டுக்காரர் சொன்னால்?

இதற்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. வளர்ந்த கற்பூரத்தின் கொண்டையை நடுவில் வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றி ஐந்தாறு தளிர் கிளம்பி, வேகமாக வளர்ந்து, சில வருஷத்தில் பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஆனால் அவை உள்கட்டையோடு இணைந்த கிளைகள் அல்ல, மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பவை, நடுத்தண்டு இதற்குள் வெட்டிலிருந்து அழுக ஆரம்பித்திருக்கும். அதாவது ஆபத்தைக் குறைக்கப் பணம் கொடுத்து அதிகமாக்கிக்கொண்டீர்கள். எஸ்டேட்டில் சில்வர் ஓக்கை உயரம் வைத்து வெட்டுகிறார்களே என்பீர்கள். அது இளம் மரத்திலேயே தொடங்கி, முறை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்வது, விட்டுவிடுவதில்லை.

கிளையை எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும், தொட்டால் புரியும். அதை விட்டு, அதன் வெளி விளிம்பில் வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் காயம் பெரிதாகும், நீளமாகக் குச்சி விட்டால் அது பட்டு உள்ளே அழுகும். கனமான கிளை என்றால் மூன்று வெட்டு: ஓர் அடி தள்ளி அடியில் ஒன்று, அதற்கு இன்னும் கொஞ்சம் வெளியே மேலிருந்து ஒன்று, பாரம் போனபின் வளையத்தின் ஓரமாகக் கடைசி வெட்டு. இல்லையென்றால் கிளை விழும்போது பட்டையைத் தூர் வரை உரித்துக்கொண்டு போகும்.

வெட்டுக்குத் தார், பெயிண்ட் தேவையில்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துக் காட்டியது இதுதான்: மரம் புண்ணை ஆற்றுவதில்லை, உள்ளே சுவர் எழுப்பி அந்தப் பகுதியை அடைத்துவிடுகிறது, அதன் மேல் புதுக் கட்டை வளர்கிறது. அதற்கு நாம் வழிவிட்டால் போதும்.

என் நிலத்து மரம்தானே, அனுமதி எதற்கு?

மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்து இருக்கிறது. பட்டா நிலத்து மரமானாலும் வெட்டுவதற்கு மாவட்டக் கமிட்டியின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்கு வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஈட்டி, சந்தனம் என்றால் விதிகளே வேறு, தொடாதீர்கள். பக்கத்து நிலத்து மரம் உங்கள் வீட்டின் மேல் விழும் நிலையில் இருக்கிறது, அவர் கேட்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 152ஆம் பிரிவு. பேப்பர் இல்லாமல் "ராத்திரியோட ராத்திரியா முடிச்சிடலாம் அண்ணா" என்று கூப்பிடுபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான், போன் வைத்துவிடுவேன்.

கரண்ட் லைன் பக்கத்தில் இருந்தால்?

ஈபியில் சொல்லி எல்.சி. (லைன் கிளியர் அனுமதி) வாங்கி, லைனை நிறுத்தி, நிறுத்தியதை லைன்மேன் நேரில் வந்து உறுதி செய்தபின்தான் ஏறுவது. 11 கே.வி. லைனைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நனைந்த கிளை பக்கத்தில் போனாலே பாயும். "கரண்ட் இல்லை, வீட்டில் பல்பு எரியவில்லை" என்பது உறுதி ஆகாது.

தேனீ, பாம்பு, காட்டெருமை?

பாம்பு பெரிய தொல்லை இல்லை. காட்டெருமை குன்னூரிலும் கொடைக்கானலிலும் தெருவிலேயே நடக்கும், அது போகும்வரை கீழே இருப்பவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான், மேலே இருப்பவனுக்கு அன்று இலவச ஓய்வு. உண்மையான பயம் மலைத்தேனீ. உயரக் கிளையில் கறுப்பாகப் பலகை மாதிரித் தொங்கும், மெஷின் அதிர்வு போதும் அதற்கு. கயிற்றில் இருப்பவனால் ஓட முடியாது. அதனால் ஏறுமுன் கொண்டை முழுவதையும் நாலு பக்கமும் நின்று பார்த்துவிடுவோம், கூடு இருந்தால் அது இடம் பெயரும்வரை வேலை தள்ளிப் போகும். கொடியில் ஏணி கட்டிப் பாறைத் தேன் எடுக்கும் குறும்பர்களைப் பார்த்தபின் நமக்கெல்லாம் மரம் ஏறத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும்.

செந்தட்டிச் செடி பட்டால் முழுநாளும் எரியும். முழுக்கைச் சட்டை.

எங்கே கற்றுக்கொள்வது?

தமிழ்நாட்டில் இதைத் தொழிலாகச் செய்யச் சான்றிதழ் கட்டாயம் இல்லை, பெரும்பாலோர் ஒரு மூத்தவரோடு சுற்றிக் கற்றவர்கள்தான். அது மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவருடைய கெட்ட பழக்கமும் சேர்ந்தே வரும். கயிறு, முடிச்சு, தொங்குதல் இவற்றின் அடிப்படைக்கு மலையேற்றப் பயிற்சி நல்லது, உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் இருக்கின்றன. மரத்தைப் படிக்க விரும்பினால் மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது, பட்டப்படிப்பு. உலக அளவில் செல்லுபடியாகும் சான்று வேண்டுமானால் சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் தேர்வு, அதற்கு 3 வருஷ அனுபவமோ, படிப்பும் அனுபவமும் சேர்ந்தோ காட்ட வேண்டும். அது எழுத்துத் தேர்வு, மரம் ஏறுகிறவர்களுக்குத் தனித் தேர்வு உண்டு.

என்னிடம் வருகிற பையன்கள் முதல் சீசன் முழுக்கக் கீழேதான். மிலாறு (வெட்டி விழுந்த சிறுகிளைகள்) பொறுக்குவது, கயிறு பிடிப்பது, அரம் போடுவது. அப்புறம் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டு எல்லா முடிச்சும், பிறகு கைவாள், மெஷின் கடைசியில். மேலேயே போகக்கூடாதா என்று முகம் சுளிப்பவன் பெரும்பாலும் இரண்டாம் மாதம் நின்றுவிடுவான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பெண்கள் வரலாமா? உயரப் பயம் உள்ளவர்கள்?

தாராளமாக வரலாம். எடை குறைவாக, பொறுமையாக இருப்பவர்களுக்கு ஏற்ற வேலை, கைவலிமையால் ஏறுகிற காலம் போய்விட்டது, இப்போது கால்தான் தள்ளுகிறது. பயம் இருப்பவர்களும் வரலாம். பயமே இல்லாதவரைத்தான் நான் சேர்ப்பதில்லை.

மேலே ஒருவருக்கு ஏதாவது ஆனால்?

மயங்கி ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்கு நிமிஷங்கள்தான் கணக்கு, இரத்தம் காலில் தேங்கிவிடும். 108 மலை ரோட்டில் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் ஏறத்தெரிந்த இரண்டாவது ஆள், தனிக் கயிறு, தனி ஹார்னஸோடு கீழே எப்போதும் இருக்க வேண்டும், இறக்கிப் பழகியும் இருக்க வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் துணி மேலே ஏறுகிறவர் இடுப்பிலேயே இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத இடங்கள் நம் மலையில் நிறைய, எங்கே நின்றால் போன் பேசலாம் என்று வேலைக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

வருமானம் எப்படி?

தினக்கூலியாகவும் உண்டு, மரத்துக்கு இவ்வளவு என்று பேசுவதும் உண்டு, கட்டையை எடுத்துக்கொண்டு கூலியைக் கழிப்பதும் உண்டு. கடைசி வகை வேண்டாம் என்பது என் கருத்து. கட்டை மேல் கண் வைத்துவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டிய மரமும் வெட்ட வேண்டிய மரமாகத் தெரிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் சும்மா இருப்பதையும், கயிறு மாற்றும் செலவையும், விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள்.

வீட்டுக்காரனாக, ஆளைக் கூப்பிடும்போது எதைப் பார்ப்பது?

மரத்தைப் பார்க்காமல் போனிலேயே விலை சொன்னால் வேண்டாம். எத்தனை பேர் வருவீர்கள், கீழே யார், இறக்கும் கயிறு தனியாக இருக்கிறதா, ஹெல்மெட் உண்டா, யாருக்காவது அடிபட்டால் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிறவரும் வேண்டாம். மிலாறை யார் அள்ளுவது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், நூற்றுக்குத் தொண்ணூறு சண்டை அதில்தான் வருகிறது. வேலை நடக்கும்போது காரை நகர்த்தி வையுங்கள், குழந்தைகளையும் நாயையும் உள்ளே வையுங்கள், மரத்தின் உயரத்துக்கு இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்க வேண்டாம்.

நாங்கள் ஏணி தரட்டுமா?

வேண்டாம், டீ போதும்.